மூச்சுக்கு எடை இல்லை

2025 அக்டோபரில் உலகச் சந்தையில் ஓர் அவுன்ஸ் வெள்ளி 50 டாலரைத் தாண்டியது. 1980-ல் அமெரிக்காவின் ஹன்ட் சகோதரர்கள் வெள்ளியை வாங்கிக் குவித்து விலையை ஏற்றியபோது அந்த அளவை ஒட்டிவந்துதான் சரிந்தது. செய்தியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஆசிரிய நண்பர் ஒருவர், “எங்க இண்டூர்ல ஒரு பத்தர் இருக்கார். விலை ஏறினதுல அவருக்கு என்ன கிடைச்சுதுன்னு வந்து கேளுங்க” என்றார்.

தருமபுரியிலிருந்து பென்னாகரம் போகும் சாலையில் இருக்கிறது இண்டூர். வீட்டுத் திண்ணையின் ஒரு பாதியைத் தகரம் வைத்து மறைத்ததுதான் பட்டறை. பத்தருக்கு 68 வயது. பெயரைப் போட வேண்டாம் என்றார். போட்டால் சேலத்து வியாபாரி வேலை தர மாட்டாராம். தருமபுரி 1965 அக்டோபர் 2 அன்று சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. ஆனால் வெள்ளித் தொழிலுக்கு இந்தப் பக்கத்துக்கு இன்றும் சேலம்தான் தலைநகரம்.

அன்றைய வேலை ஒரு நெளி மோதிரம். ஊர்க்காரப் பெண்மணி ஒருவர் அறுந்த கொலுசைக் கொடுத்து, மகனுக்குச் செய்யச் சொல்லியிருந்தார். உரைகல்லில் இழைத்துத் தரம் பார்த்தார் பத்தர். சுத்த வெள்ளி மிகவும் மெத்தென்றிருக்கும், மோதிரமாகப் போட்டால் நாளடைவில் வளைந்து நெளிந்துவிடும். அதனால் செம்பு சேர்ப்பார்கள். நூறு பங்கில் 92.5 வெள்ளியும் மீதி செம்பும் என்பது உலகம் முழுக்க உள்ள கணக்கு. துண்டுகளை உருக்கும் கிண்ணமான மூசையில் போட்டு வெங்காரம் தூவினார். 960 டிகிரியை ஒட்டி உருகும் வெள்ளி, செம்பு கலந்தால் இன்னும் சற்று முன்னதாகவே இளகும். எண்ணெய் தடவிய அச்சில் ஊற்றியதும் ஒரு விரல் நீளக் கட்டியாக நின்றது.

பிறகு அடி. அடிக்க அடிக்க வெள்ளி முறுகிக்கொள்ளும். மேலும் அடித்தால் விரிசல் விடும். மங்கலாகச் சிவக்கும்வரை காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மீண்டும் இளகிவரும். அதற்கு மேல் காய்ச்சினால் உருகிப்போகும். தீக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாலும் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு நிறத்தைப் பார்த்தே பதத்தைச் சொல்கிறார். கம்பியச்சில் துளை துளையாக இழுத்துக் கம்பியை மெலிதாக்கும் வேலை வெகுநேரம் நடந்தது. நான் எழுந்துபோய் டீ குடித்துவிட்டு வந்தேன்.

திரும்பி வந்தபோது மூன்று கம்பிகள் அருகருகே பற்றவைப்பதற்குத் தயாராக இருந்தன. அப்போதுதான் ஊதுகுழலை எடுத்தார். பித்தளைக் குழல், நுனியில் சின்ன வளைவு. மூலையில் கேஸ் டார்ச் இருக்கிறது. மூசைக்கு அதுதான். பற்றவைப்புக்கு மட்டும் விளக்குச் சுடரும் குழலும். கம்பிகளை ஒட்டும் பற்றாசு வெள்ளிக்கு முன்னால் உருக வேண்டும், வெள்ளி உருகக் கூடாது. இடைவெளி கொஞ்சம்தான். சுடர் ஊசியாக நின்றால்தான் ஆகும், ஊதும் மூச்சு அறுந்தால் சுடர் மடங்கிவிடும். நாதஸ்வரக்காரரைப் போலக் கன்னத்தில் காற்றைத் தேக்கி, அதை வெளியே தள்ளிக்கொண்டே மூக்கால் இழுக்கிறார். கம்பிகளின் இடுக்கில் பற்றாசு மின்னலாக ஓடி மறைந்தது. “எங்கப்பா குழல்” என்றார்.

அப்பா தங்க வேலைக்காரர். சீனப் போருக்கு அடுத்து, 1963 ஜனவரியில், நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் தங்கக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தார். 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக் கூடாது என்றாயிற்று. நாடெங்கும் பட்டறைகள் அணைந்தன, பொற்கொல்லர்கள் பலர் தற்கொலை செய்துகொண்டார்கள். பத்தருக்கு அப்போது ஐந்தாறு வயது. “உமியோட்டுல நெருப்பு போடாத வீட்ல அடுப்புல மட்டும் எப்படிப் போடுவாங்க?” குடும்பம் சேலம் செவ்வாய்ப்பேட்டைக்குப் போய்க் கொலுசு வேலையில் ஒட்டிக்கொண்டது. 14 காரட் விதி சில ஆண்டுகளில் தளர்ந்தது. 1968-ல் சட்டமாகவே வந்த கட்டுப்பாடு 1990-ல்தான் ஒழிந்தது. அப்பா தங்கத்துக்குத் திரும்பவில்லை. மகன் குழலோடு ஊர் திரும்பினார்.

அன்று சட்டம் செய்ததை இன்று தராசு செய்கிறது. வியாபாரி வெள்ளியை எடை போட்டுக் கொடுக்கிறார், எடை போட்டு வாங்குகிறார். அரத்தில் உதிரும் பொடிக்கு ஓர் அளவுவரை விட்டுக்கொடுப்பார். அதற்கு மேல் குறைந்தால் அன்றைய வெள்ளி விலையில் கூலியில் கழிவு. ஆக, விலை இரட்டித்தால் உதிர்ந்த பொடிக்குக் கழிவும் இரட்டிக்கிறது. கூலி மட்டும் பழைய ரூபாய்க் கணக்கில் நிற்கிறது. கடையிலோ சேதாரம் சதவீதக் கணக்கு. வெள்ளி கிராம் 100 ரூபாய் விற்கும்போது பத்து சதவீதம் என்றால் 10 ரூபாய், 200 ஆனால் 20 ரூபாய். அதே மோதிரம், அதே உதிரல். சேதாரம் என்ற பெயரில் நம்மிடம் வாங்கும் காசு, உதிர்த்த கைக்கு வருவதில்லை. அந்தக் கையிடமிருந்தும் பிடித்துக்கொள்ளப்படுகிறது. கூலி கிலோவுக்கு என்பது அடுத்த அநியாயம். நாலு கிராம் மோதிரத்துக்கு ஆகும் கண்ணும் மூச்சும் கனத்த அரைஞாண் கொடிக்கு ஆகாது. இது வியாபாரமா, வழிப்பறியா? பில்லில் செய்கூலியைத் தனியே ரூபாயில் எழுதி, அதில் செய்தவருக்கு எவ்வளவு என்றும் எழுதச் சொல்ல ஒரு சட்டம் போட்டால் என்ன?

இதை நான் சற்று உரக்கவே சொன்னேன். பத்தர் மோதிரத்தைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“எழுதுங்க தம்பி, வேணாங்கல. ஆனா ராஜ்கோட்ல மெழுகு அச்சு வச்சு ஒரே ஊத்துல மரம் மாதிரி மோதிரம் வார்க்கறான். என் கூலியைத் தனியா எழுதினா, அது வேணாம், அச்சு மோதிரமே குடுன்னு கேட்டுடுவாங்க. இன்னைக்கு வரைக்கும் வெள்ளிக்குள்ள ஒளிஞ்சிருக்கறதாலதான் என் கூலிக்குக் காசு வருது.”

கொலுசு கொடுத்த பெண்மணி வந்தார். மோதிரத்தை வாங்கி, முதலில் தராசில்தான் வைக்கச் சொன்னார்.