சிஹோராக் குளத்துச் சிங்காடா

சென்ற நவராத்திரியில், ஜபல்பூரில் எங்கள் இல்லத்துக் கொலுவைக் காண வந்த அண்டை வீட்டு அம்மையார், மஞ்சள் குங்குமம் பெற்றுக்கொண்டு, சுண்டலை மட்டும் கைகூப்பி மறுத்துவிட்டார். ஒன்பது நாளும் விரதம். தானியமும் பருப்பும் விலக்கு. பத்தாண்டுகள் அடுத்தடுத்து வாழ்ந்தும் இதனை அறியாதிருந்தோமே என்று நாணினோம். எங்கள் முகவாட்டம் கண்ட அவர், "எங்கள் அண்ணன் குளத்தில் சிங்காடா விளைகிறது, வந்து பாருங்கள், அதுவே எங்கள் விரத உணவு" என்று அழைத்தார்.

அந்த ஞாயிறன்றே புறப்பட்டோம். கட்னி செல்லும் இருப்புப்பாதையில் சுமார் 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிஹோரா, சிங்காடா வாணிபத்திற்குப் பெயர் பெற்ற ஊர். குளம் முழுவதும் இலைக் கொத்துகள் மிதந்தன. மழைக்காலத் தொடக்கத்தில் கொடியை நடுகிறார்கள். சிறு வெண்மலர் வாடியபின் காய் நீருக்கடியில் தொங்குகிறது. சிறு படகில் சென்ற இளைஞர், கொத்தைத் தூக்கிக் காயைப் பறித்து வீசினார். இருபுறமும் கொம்புடைய அதன் தோலை உரித்துக் கடித்தோம். இளந்தேங்காய் போல் நறுக்கென்று இனித்தது. முற்றிய காயை உலர்த்தி, ஓடு நீக்கி, மாவாகத் திரிக்கிறார்கள். நீரில் விளையும் காயாதலால் விரதத்துக்கு ஏற்றதாயிற்று.

சென்ற ஆண்டு விளைச்சலின் மாவு ஒரு பை எங்களுக்குக் கிடைத்தது. வீடு திரும்பியதும் நம் கைப்பக்குவத்தில் அல்வா செய்தோம். ஒரு தம்ளர் மாவை நான்கு கரண்டி நெய்யில், மணம் எழுந்து பொன்னிறமாகும் வரை இளந்தீயில் வறுத்தோம். இரண்டரைத் தம்ளர் சூடான தேங்காய்ப்பாலைச் சிறிது சிறிதாக வார்த்துக் கிளறினோம். கைவிட்டால் உடனே கட்டி தட்டிவிடும். இறுகியதும் முக்கால் தம்ளர் சர்க்கரையும் ஏலப்பொடியும் சேர்த்து, நெய் பிரிந்ததும் தட்டில் கொட்டி வில்லைகளாக்கினோம்.

நவமியன்று அம்மையாரை மீண்டும் அழைத்தோம். ஒரு வில்லையை உண்டவர், "எங்கள் குளத்து மாவுதானே? தேங்காய் மட்டும் உங்கள் ஊருடையது" என்று நகைத்து, இன்னொன்றையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அயலூரில் கொலு வைக்கும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை: சுண்டலுக்கருகே சிங்காடாப் பண்டமும் ஒரு தட்டு இருக்கட்டும். உப்புப் பண்டமாயின் இந்துப்பே இடுக. விரத முறை வீட்டுக்கு வீடு வேறுபடும். ஆகவே முன்னதாகக் கேட்டறிந்து செய்க. அவ்வாறு கேட்கப் பத்தாண்டுகள் தாமதித்ததே எங்கள் பிழை.