மண்ணெண்ணெயில் ஓடின காரும் கரண்டில் ஓடப்போற காரும்

மாற்று எரிபொருள் என்டா வெளிநாட்டில இருந்து வாற புதுச்சாமான் என்டுதான் கனபேர் நினைக்கிறம். ஆனா 1990களில், பொருளாதாரத் தடைக்குள்ள கிடந்த யாழ்ப்பாணத்தில மொரிஸ் மைனரும் ஒஸ்டின் கேம்பிரிட்ஜும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில ஓடின. குளிர்ந்த எஞ்சினில மண்ணெண்ணெய் லேசில ஆவியாகாது. அதனால சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடான மறுகா மண்ணெண்ணெய்க்கு மாத்துவினம். புகையும் மணமும் தாங்கேலாது. அந்த வித்தையைக் கண்டுபிடிக்க வைச்சது தட்டுப்பாடு.

எங்கட தலைமுறைக்கு அந்தப் பாடம் 2022இல் வந்தது. அப்ப நாங்கள் ஏ.எல். படிச்சுக்கொண்டிருந்தம். ஜூன் 26ஆம் திகதி பெற்றோல் லீற்றர் 470 ரூபாயாச்சு. மறுகா கியூ.ஆர். முறை வந்தது. தொடக்கத்தில மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20. தன்னாமுனையில இருந்து ரியூசனுக்குப் போய்வர 4 லீற்றர் காணும். ஓட்டோ ஓடி வீடு பார்க்கிற அண்ணாமாருக்கு 5 லீற்றர் ரெண்டு நாளைக்கும் காணாது. ஓகஸ்டில மண்ணெண்ணெய் 87 ரூபாயில இருந்து ஒரே பாய்ச்சலில 340 ஆக, இயந்திரப் படகில கடலுக்குப் போறவங்களும் கரையில குந்தினாங்க. ஒவ்வொரு வீட்டிலயும் துருப்பிடிச்ச சைக்கிள்தான் வெளியில வந்தது.

இப்ப திருமலை வீதியில நின்டு பார்த்தா பிரியஸ், அக்குவா, வெசல் என்டு ஹைபிரிட் கார்கள் போகுது. பிரேக் பிடிக்கேக்க வீணாகிற சக்தியை பற்றரியில சேமிச்சு, மெதுவா ஓடேக்க அதைப் பாவிக்கிற கார்கள். முழு மின்சாரக் கார் அதுக்கு அடுத்த படி. பெற்றோல் எஞ்சினில எண்ணெயின்ட சக்தியில பெரும்பங்கு வெப்பமாத்தான் போகும். மின்மோட்டாரில இழப்பு கொஞ்சம். 2020 மார்ச்சில நிப்பாட்டின வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில தனியார் கார்களுக்கும் திறந்தது. பி.வை.டி. போன்ற மின்சாரக் கார்களும் வருது. பலதின்ட விலை கோடியைத் தாண்டும். கம்பசுக்கு பஸ்ஸில தொங்கிப் போற எங்களுக்கு அது பார்க்கிற சாமான்தான்.

சரி, கரண்ட் எங்க இருந்து வருது? நோர்வேயில 2024இல் வித்த புதுக் கார் பத்தில கிட்டத்தட்ட ஒன்பது மின்சாரக் கார். அங்க கரண்டின்ட பெரும்பங்கு நீர்மின். எங்கட நாட்டின்ட ஆகப்பெரிய மின்நிலையம் நுரைச்சோலை, 900 மெகாவாற், எரியிறது இறக்குமதி நிலக்கரி. டொலர் இல்லாட்டி பெற்றோலும் இல்லை, நிலக்கரியும் இல்லை. 2022 மார்ச் கடைசியில 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினதை மறக்கேலாது. அப்ப வீட்டில மின்சாரக் கார் நின்டிருந்தாலும் பாதி நாள் சும்மாதான் நின்டிருக்கும்.

இதுக்கு மறுபக்கமும் இருக்கு. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில, பகலில கரண்ட் பாவனை குறைவு என்டு, கூரையில சூரியத்தகடு வைச்சவங்களை அதை நிப்பாட்டி வைக்கச் சொல்லி மின்சார சபை கேட்டது. ஒரு காலம் கரண்ட் இல்லை, இன்னொரு காலம் வெயிலில வாற கரண்டை வாங்க ஆளில்லை! பகலில வாகனம் நிக்கிற இடங்களில, அதாவது கம்பஸ், ஆஸ்பத்திரி, கச்சேரி, ஓட்டோ தரிப்பிடம், சார்ச் பண்ண வழியிருந்தா அந்த வெயில் வீணாகாது. வெயிலுக்கு மட்டக்களப்பில என்ன பஞ்சம்?

அதனால எங்களுக்கு வேணும் என்டு நாங்கள் நினைக்கிறது முதலில மின்சார பஸ், மறுகா மின்சார ஓட்டோ, அதுக்குப் பிறகுதான் கார். ஒரு பஸ்ஸில 50 பேர் போகலாம். ஒரு ஓட்டோவில ஒரு குடும்பம் பிழைக்கும். வரிச்சலுகை எதுக்கு முதலில குடுக்கிறது என்டு கொழும்பில முடிவெடுக்கேக்க, தன்னாமுனைச் சந்தியில பஸ்ஸுக்கு நிக்கிறவங்களையும் கணக்கில எடுக்கச் சொல்லி நாங்கள் கேக்கத்தான் வேணும். கேக்காட்டி, அடுத்த தட்டுப்பாட்டிலயும் எங்களுக்குத் துருப்பிடிச்ச சைக்கிள்தான்.