கப்பலேறப் போகும் விமானம்



கடல் கடந்து பொருளீட்டிய சமுதாயம் நம்முடையது. நாகூர், நாகப்பட்டினம், காரைக்கால், கீழக்கரை, காயல்பட்டினம் என்று நமது ஊர்களைச் சொன்னாலே கப்பலின் நினைவும் கூட வரும். நம் பாட்டனார் காலத்தில் கப்பலேறினால்தான் அயல்நாட்டைக் காண முடியும். இன்று காலம் தலைகீழாக மாறிவிட்டது. கப்பலில் சில நாள் பயணம் செய்ய விரும்பும் குடும்பம், அந்தக் கப்பல் நிற்கும் துறைமுகத்துக்கு முதலில் விமானத்தில் போய்ச் சேர வேண்டியிருக்கிறது. கப்பல் கட்டணத்தைப் பல மாதம் யோசித்துப் பேரம் பேசுகிறவர்கள்கூட விமானச் சீட்டைக் கடைசி வாரத்தில் அவசரமாக வாங்கிப் பணத்தை இழந்துவிடுகிறார்கள். கடந்த 2024ஆம் ஆண்டு எங்கள் குடும்பத்துக்கு இதில் கிடைத்த அனுபவம் உங்களுக்கும் பயன்படும் என்று எண்ணியே இதனை எழுத முற்படுகிறேன்.

சிங்கப்பூரில் பணிபுரியும் என் மூத்த சகோதரர் ஒருநாள் தொலைபேசியில் பேசினார். "உம்மாவுக்கு ஒருமுறையாவது கப்பலில் போய்ப் பார்க்க ஆசை. சிங்கப்பூரிலிருந்து பினாங்கு சென்று திரும்பும் மூன்று இரவுக் கப்பலில் நம் எல்லாருக்கும் இடம் எடுக்கிறேன். கப்பல் செலவு என் பொறுப்பு. உம்மாவை அங்கிருந்து அழைத்து வரும் செலவு உன் பொறுப்பு" என்றார்.

உம்மாவின் இந்த ஆசைக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வழியாகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் பயணிகள் கப்பல் ஓடிய காலம் ஒன்றிருந்தது. 1926இல் கட்டப்பட்ட ரஜூலா என்ற கப்பல் பல்லாண்டுகள் அந்த வழியில் ஓடியது. அதன்பின் எம்.வி. சிதம்பரம் ஓடியது. நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது. தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். பயணிகள் படகிலேறிப் போய்க் கப்பலைச் சேர வேண்டும். வாப்பா அப்படித்தான் சென்றார்கள். ஒவ்வொரு முறையும் உம்மா கரையில் நின்று, படகு சிறுத்து மறையும்வரை பார்த்துக்கொண்டிருப்பார்கள். 1985 பிப்ரவரியில் எம்.வி. சிதம்பரத்தில் ஏற்பட்ட தீ விபத்தோடு அந்தச் சேவை முடிவுக்கு வந்தது. பிறகு வாப்பா விமானத்தில் போய் வந்தார்கள். இப்போது மண்ணறையில் இருக்கிறார்கள். அல்லாஹ் அவர்களின் பிழைகளைப் பொறுத்தருள்வானாக! உம்மா வழியனுப்பிய கப்பல்கள் பல. ஏறிய கப்பல் ஒன்றுகூட இல்லை.

மதரஸா ஆசிரியரின் ஊதியம் இவ்வளவென்று நான் சொல்லி நீங்கள் அறிய வேண்டியதில்லை. மூன்றாண்டுச் சேமிப்பாக என் கையில் இருந்தது 85,000 ரூபாய். உம்மா, என் துணைவியார், நான் என மூவர் போய்த் திரும்ப வேண்டும். உம்மா ஒரே நிபந்தனைதான் விதித்தார்கள்: "கடன் வாங்கித்தான் போகணும்னா அந்தக் கப்பல் எனக்கு வேணாம் தம்பி." எழுபதைக் கடந்தவர்களின் ஆசையை இன்னும் எத்தனை ஆண்டு தள்ளிப்போட முடியும்? எனவே அந்தத் தொகைக்குள் பயணத்தை முடிப்பது எனக்கு ஒரு கடமையாகவே ஆயிற்று.

ஒருநாள் முன்னதாக

முதலில் ஒரு பயண முகவரை அணுகினேன். கப்பல் ஞாயிறு மாலை புறப்படுவதாகச் சொன்னதும், சனிக்கிழமை நள்ளிரவில் திருச்சியில் ஏறி ஞாயிறு காலையில் இறங்கும் விமானத்தைச் சொல்லி, போக வர ஒருவருக்கு 31,500 ரூபாய் என்றார். மூவருக்கு 94,500! பணம் ஒருபுறமிருக்க, அந்த யோசனையிலேயே ஓர் ஆபத்து இருந்தது.

கப்பல் நமக்காகக் காத்திராது. மாலை புறப்படும் கப்பலாயினும், புறப்படுவதற்கு ஒரு மணி நேரத்துக்கும் மேலாகவே பயணிகள் பதிவு முடிந்துவிடும். விமானம் சில மணி நேரம் தாமதித்தால், விமான நிறுவனம் அதன் விதிப்படி அடுத்த விமானத்தில் இடம் தரலாமேயன்றி, தவறிப்போன கப்பலுக்குப் பொறுப்பேற்காது. கப்பல் நிறுவனமோ ஏறாத பயணிக்குப் பணம் திருப்பித் தருவது அரிது. அவ்வாறு நேர்ந்தால் என் சகோதரர் செலுத்திய தொகை முழுவதும் கடலில் கரைத்ததாகிவிடும். ஆகவே குறைந்தது ஒருநாள் முன்னதாகவே துறைமுக நகரில் இருக்க வேண்டும் என்பதை முதல் விதியாகக் கொள்ளுங்கள்.

இந்த விதி பாதுகாப்பை மட்டும் தருவதில்லை, செலவையும் குறைக்கிறது. கப்பல் நாளோடு ஒட்டிய வார இறுதியை விட்டு வாரத்தின் நடுவே பார்க்கும்போது கட்டணம் இறங்குவதைக் கண்டேன். தங்குவதற்கு உறவினர் வீடு இருப்பின் இன்னும் நல்லது. இல்லையெனில், முன்னதாகச் செல்வதால் மிஞ்சும் தொகையோடு அந்த ஊர் அறை வாடகையை ஒப்பிட்டுக் கொள்ளுங்கள்.

காலமும் ஊரும்

சிங்கப்பூர் வழியில் எக்காலத்தில் கட்டணம் ஏறும் என்பதை ஓரளவு முன்பே கணிக்கலாம். அந்நாட்டுப் பள்ளி விடுமுறை ஜூன் மாதத்திலும், நவம்பர் பிற்பகுதியிலிருந்து டிசம்பர் இறுதிவரையிலும் வரும். தீபாவளி, பொங்கல், சீனப் புத்தாண்டு, நமது பெருநாள்கள், நம்மூர்க் கோடை விடுமுறை ஆகியவற்றையொட்டியும் கூட்டம் மிகும். 2024இல் சீனப் புத்தாண்டு பிப்ரவரி 10இல் வந்தது. ரமலான் மார்ச் 12இல் தொடங்கியது. இரண்டுக்கும் இடைப்பட்ட சில வாரங்களைத்தான் நாங்கள் தேர்ந்தெடுத்தோம். கப்பல் தேதியை உறுதி செய்த பிறகு விமானத்தைத் தேடுவது பலரது வழக்கம். நாங்கள் இரண்டு மூன்று கப்பல் தேதிகளை எதிரே வைத்துக்கொண்டு, எந்தத் தேதிக்கு விமானம் மலிவாக இருந்ததோ அதையே சகோதரரிடம் சொன்னோம்.

அடுத்து, எந்த விமான நிலையம் என்ற கேள்வி. சென்னையிலிருந்து ஒருவருக்கு ஏறக்குறைய 3,000 ரூபாய் குறைவாக இருந்தது. ஆனால் நாகூரிலிருந்து சென்னை 300 கிலோமீட்டருக்கும் மேல். திருச்சி அதில் பாதித் தொலைவே. இருவழி வண்டிச் செலவு, வழியில் சாப்பாடு, நகரில் ஓர் இரவு தங்கல், முதியவரின் உடல் அலுப்பு ஆகிய அனைத்தையும் கூட்டிப் பார்த்தபோது அந்த மலிவு மறைந்து போயிற்று. சீட்டின் விலை வேறு, பயணத்தின் விலை வேறு. வீட்டு வாசலிலிருந்து கப்பல் வாசல்வரை ஆகும் மொத்தச் செலவையே ஒப்பிட வேண்டும்.

கொழும்பிலோ கோலாலம்பூரிலோ மாறிச் செல்லும் வழி சில வேளைகளில் மலிவாக அமையும். அதில் ஒன்றைக் கவனியுங்கள். இரு விமானங்களும் ஒரே சீட்டில் இருந்தால், முதல் விமானம் தாமதமானாலும் உங்களைக் கொண்டு சேர்க்கும் பொறுப்பு நிறுவனத்தைச் சாரும். தனித்தனியாக இரண்டு சீட்டு வாங்கினால் அந்தப் பொறுப்பு முழுவதும் உங்கள் தலையில் விழும். கப்பலைப் பிடிக்கப் போகிறவர்களுக்குப் பின்னது ஏற்றதன்று.

சீட்டு வாங்கும் நுட்பம்

விமானத்தின் எல்லா இருக்கைகளும் ஒரே விலைக்கு விற்கப்படுவதில்லை. குறைந்த விலையில் சில, அதற்கு மேல் சில எனப் படிப்படியாக வைத்திருப்பார்கள். குறைந்த விலையில் இரண்டே இருக்கை மிஞ்சியிருக்கும்போது மூன்று பேருக்கு ஒருசேரக் கேட்டால், பெரும்பாலும் மூவருக்குமே மேல்விலைதான் காட்டும். எங்களுக்கு அப்படித்தான் நேர்ந்தது. மூவருக்குச் சேர்த்துக் கேட்டபோது ஒருவருக்கு 24,600. இருவருக்கு மட்டும் கேட்டபோது 22,300. எனவே உம்மாவுக்கும் எனக்கும் ஒரு சீட்டாகவும், என் துணைவியாருக்கு அதே விமானத்தில் தனிச் சீட்டாகவும் எடுத்தோம். மொத்தம் 69,200 ரூபாய் ஆனது, 4,600 மிச்சம். இம்முறையில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. விமானம் ரத்தானால் தனிச் சீட்டுகளைத் தனித்தனியாகவே மாற்றியமைப்பார்கள். ஆகவே முதியவரையோ குழந்தையையோ ஒருபோதும் தனிச் சீட்டில் விடலாகாது.

மலிவு விமானங்களில் பெட்டி, உணவு, இருக்கைத் தேர்வு எல்லாவற்றுக்கும் தனி விலை உண்டு. கையில் எத்தனை கிலோ அனுமதி என்பதும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். மூவருக்கும் மூன்று பெட்டி வாங்காமல் 20 கிலோ பெட்டி ஒன்றை மட்டும் போக வரச் சேர்த்தோம். அதற்கு 3,400 ஆயிற்று. பெட்டியைச் சீட்டோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள். விமான நிலையத்தில் போய் வாங்கினால் விலை பன்மடங்காகும். முதியோருக்குச் சக்கர நாற்காலி வேண்டுமெனில் அதையும் முன்கூட்டியே பதிந்து கொள்ளுங்கள்.

நம் மக்களுக்குப் பெயரில் ஒரு தொல்லை உண்டு. பாஸ்போர்ட்டில் பலருக்கும் ஒரே பெயர்தான் இருக்கும்; குடும்பப் பெயர்க் கட்டம் வெறுமையாக இருக்கும். விமானச் சீட்டோ இரண்டு பெயர் கேட்கும். இதற்கு ஒவ்வொரு நிறுவனமும் ஒரு வழி வைத்திருக்கிறது. அதைக் கேட்டறிந்த பின்னரே சீட்டு வாங்குங்கள். நாமாக ஒரு பெயரை இட்டு நிரப்பினால் பின்னர் அதைத் திருத்துவதற்கே பெரும்பொருள் செலவாகும்.

சிங்கப்பூருக்கு இந்தியர்களுக்கு விசா வேண்டும். விண்ணப்பக் கட்டணம் 30 வெள்ளி, முகவர் கூலி தனி. கப்பல் பினாங்கு சென்று திரும்புவதால் சிங்கப்பூருக்குள் நாம் இருமுறை நுழைகிறோம் என்பதை மறந்துவிடாதீர்கள். ஒருமுறை மட்டும் நுழையும் அனுமதி இருப்பவர் திரும்பி வரும்போது தவித்துப் போவார். பயணத்துக்கு முந்திய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டிய வருகை அட்டை இலவசமானது. அதற்குப் பணம் கேட்பவரிடம் ஏமாற வேண்டாம். மலேசியா 2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு விசாவிலிருந்து விலக்களித்தது. இத்தகைய விதிகள் மாறக்கூடியவை. புறப்படுமுன் ஒருமுறை சரிபார்த்துக் கொள்ளுங்கள்.

சிங்கப்பூரில் பயணிகள் கப்பல் நிற்கும் இடங்களும் இரண்டு. ஒன்று ஹார்பர்ஃபிரண்ட், மற்றொன்று 2012இல் திறக்கப்பட்ட மரீனா பே. சீட்டில் எது எழுதியிருக்கிறது என்று பார்த்துப் புறப்படுங்கள்.

கடலின் மேல்

விசாவும் பேருந்துச் செலவும் சேர்த்து எல்லாம் 85,000க்குள் அடங்கிற்று, அல்ஹம்துலில்லாஹ். கப்பலில் சூதாட்டக் கூடமும் மதுக்கூடமும் இருந்தன. நாம் விலகியிருக்க வேண்டிய இடங்கள் எவையென்று தெரிந்திருந்ததால் சிரமம் ஏதுமில்லை. ஹலால் உணவு உண்டா என்பதை என் சகோதரர் இடம் எடுக்கும்போதே கேட்டு உறுதி செய்திருந்தார். கப்பல் திசை மாறும் என்பதால் ஒவ்வொரு வக்துக்கும் கிப்லாவைப் பார்த்துக்கொண்டு, பயணிகளுக்குரிய சலுகைப்படி சுருக்கித் தொழுதோம்.

பினாங்குத் துறையை நெருங்கிய காலை, உம்மா மேல்தளத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். "இந்தக் கரையிலதான் உங்க வாப்பா இறங்கினாகளா?" என்று கேட்டார்கள். ஆம் என்றேன். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "கரையிலேர்ந்து பார்த்தா கப்பல்தான் தூரமாப் போவுது. இங்கேர்ந்து பார்த்தாத்தான் தெரியுது, அவுகளுக்கும் நாமதான் தூரமாப் போயிருப்போம்" என்றார்கள். இத்தனை ஆண்டுகளில் வாப்பாவின் பிரிவைப் பற்றி உம்மா பேசி நான் கேட்டது அதுவே முதல்முறை. துறையிலிருந்து சிறிது தொலைவில், 1801இல் தோன்றிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் இருக்கிறது. அங்கே வாப்பாவுக்காகத் துஆச் செய்தோம்.

அன்புக்குரியவர்களே! விமானமே வேண்டாம் என்பவர்கள் வேறு வழிகளையும் விசாரிக்கலாம். 2022 ஜூன் மாதத்தில் சென்னைத் துறைமுகத்திலிருந்தே உல்லாசக் கப்பல் பயணம் தொடங்கப்பட்டது. நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் தொடங்கி இடையில் நின்ற பயணிகள் படகு, 2024 ஆகஸ்டில் மீண்டும் புறப்பட்டது. எந்த வழியானாலும், உங்கள் வீட்டில் நிறைவேறாத ஆசையோடு இருக்கும் முதியவரிடம் இன்றே கேளுங்கள். பிறகு ஒரு தாளை எடுத்து, வாசலிலிருந்து துறைமுகம்வரை ஆகும் செலவை வரிசையாக எழுதுங்கள். வீண்விரயத்தைத் தவிர்ப்பவர் கஞ்சரல்லர். சிக்கனமாக மிச்சப்படுத்திய அந்தச் சில ஆயிரங்களே, கடன்படாமல் பெற்றோரின் மனத்தைக் குளிரச் செய்யும் செல்வமாகிவிடக் கூடும். அந்த நற்பேற்றை வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.