ஊசியை இழுத்த காந்தம்

தொழுகைக்கு நேரமாகிவிட்டது, அருகில் பள்ளிவாசல் இல்லை, திசை கூற ஆளுமில்லை. நெடுஞ்சாலைப் பயணத்தில் இந்நிலையை அறியாத முஸ்லிம் குடும்பம் இருக்க முடியாது. அன்று வாகன ஓட்டிகள் கதிரவனையும் வழிப்போக்கரையும் நம்பினர். இன்றோ சில கார்களில் பின்நோக்குக் கண்ணாடியின் மூலையிலேயே திசைகாட்டி மின்னுகிறது. வசதிதான், மறுக்கவில்லை.

என் மூத்த சகோதரியின் மகன் வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவர். தை மாதத்து மாலையொன்றில் அஸருக்காக வண்டியை நிறுத்தினார். அம்மாதத்தில் சூரியன் மேற்கிலிருந்து சற்றுத் தெற்கே ஒதுங்கியே சாயும். கருவியோ, சூரியனுக்கு நேர் எதிரே நின்ற வண்டியை வடமேற்கு நோக்கி நிற்பதாகக் காட்டியது. கதிரவனைக் கொண்டு தொழுதுவிட்டார். ஆனால் அன்றிரவே என்னிடம் வந்து, "இந்தக் கருவியை நம்பி இரு வாரமாகத் தொழுதிருக்கிறேன் மாமா. எத்தனை தொழுகையைக் களாச் செய்ய வேண்டும்?" என்று கலங்கி நின்றார்.

நான் இலக்கியம் பயின்றவன். ஆயினும் கேள்விக்கு விடை கூறுமுன் கருவியின் போக்கை அறிய வேண்டியதாயிற்று. இரு வாரங்களுக்கு முன் கைப்பேசியை ஒட்டிவைக்கும் காந்தப் பிடியொன்றைக் கண்ணாடிக்குக் கீழே அவர் பொருத்தியிருந்தார். பூமியின் காந்தம் மிக மெலிந்தது. நம் பகுதியில் ஏறத்தாழ 40 மைக்ரோடெஸ்லா மட்டுமே. விரற்கடை தூரத்துக் காந்தத்தின் முன் அது எம்மாத்திரம்! பிடியைக் கழற்றியதும் காட்டிய திசை மாறிற்று.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஒட்டிய காந்தம் வண்டியோடு சேர்ந்து திரும்புகிறது. பூமியின் காந்தமோ திரும்புவதில்லை. காந்தம் முன்புறமாக இழுப்பதாயின், வடக்கு நோக்கி நிற்கும் வண்டியில் இரு இழுப்பும் ஒரே கோட்டில் அமைந்து பிழையே நேராது. மேற்கு நோக்கி நின்றாலோ பிழை பெரிதாகும். ஆக, பிழை எல்லாத் திசைக்கும் ஒன்றன்று.

மஸ்அலாவும் இதிலேதான் தங்கியிருந்தது. முயன்று திசையறிந்து தொழுதவர் பின்னர் தவறென அறிந்தாலும் மீட்ட வேண்டியதில்லை என்பது ஹனஃபி மத்ஹப். எங்கள் குடும்பம் ஷாஃபிஈ. அங்கே தவறு உறுதியாகத் தெரிந்தால் மீட்டுவதே வலுவான சொல். வெறும் ஐயம் போதாது. "வண்டி எந்தப் பக்கம் நின்றது, நினைவுபடுத்திப் பாருங்கள் தம்பி" என்றேன். பெரும்பாலான வேளைகளைப் பள்ளிகளிலேயே தொழுதிருந்தார். மேற்கு நோக்கிய சாலையில் நின்று தொழுத இரண்டு ஃபஜ்ரு மட்டும் உறுதியாயின. அவற்றைக் களாச் செய்தார்.

பிறகு கருவியைச் சீர்செய்தோம். பல வண்டிகளில் பொத்தானைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் அளவீட்டுக் குறி தோன்றும். மின்கம்பி, இரும்புக் கொட்டகை, பாலம் ஆகியவை இல்லாத திடலில் அக்குறி மறையும்வரை மெல்ல வட்டமிட வேண்டும். எல்லாப் பக்கமும் திரும்புகையில் வண்டியின் சொந்த இரும்பு எவ்வளவு இழுக்கிறது என்பதைக் கருவி கணித்துக் கழித்துக்கொள்கிறது. காந்தப் பிடியை அகற்றிய பின்னரே இதைச் செய்தல் வேண்டும். வலுத்த காந்தத்தை எந்த வட்டமும் சரிக்கட்டாது. புதுமை என எண்ண வேண்டா. 1838ஆம் ஆண்டிலேயே 'ரெயின்போ' என்னும் இரும்புக் கப்பலைத் திருப்பித் திருப்பி நிறுத்திப் பிழையை அளந்து, அதைத் தீர்க்கும் வழியையும் கண்டவர் ஆங்கிலேய வானியலார் ஜார்ஜ் ஏரி.

சீரான பின்னும் இவ்வகைக் கருவிகள் பல எட்டுத் திசைகளையே கூறும். ஒவ்வொன்றும் 45 பாகை அகலமுடையது. சென்னையிலிருந்து கிப்லா, நேர் மேற்கிலிருந்து வடக்கே ஏறத்தாழ 18 பாகை. நெல்லையிலிருந்து 24 பாகை அளவு. கண்ணாடியில் தெரியும் 'மேற்கு' அவ்வளவு நுணுக்கம் அறியாது.

இரும்பும் காந்தமும் தீண்டாத வழியொன்றும் உண்டு. ஆண்டுதோறும் மே 28 அன்று பிற்பகல் 2.48 மணிக்கும், ஜூலை 16 அன்று 2.57 மணிக்கும் (சில ஆண்டுகளில் ஒருநாள் முன்னதாக) கஃபாவின் உச்சிக்கு நேர் மேலே சூரியன் நிற்கும். அவ்வேளையில் மொட்டைமாடியில் ஒரு கோலைச் செங்குத்தாக ஊன்றுங்கள். நிழல் விழும் திசைக்கு நேரெதிரே கிப்லா.