கேட்டு வரைகிற முகம்

ஸ்ரீரங்கத்துப் பழைய வீடுகளில் ரேழியைத் தாண்டினால் நிலைக்கு மேலே தாத்தா பாட்டி படங்கள் மாட்டியிருக்கும். பார்த்தால் போட்டோ போலிருக்கும். பல படங்கள் போட்டோ இல்லை. சின்னப் படத்தைப் பார்த்து, பென்சிலும் கறுப்புப் பவுடரும் கொண்டு கையால் பெரிதாக வரைந்தவை. மேல அடையவளஞ்சான் தெருவில் இருக்கும் என் நண்பர், பக்கத்து வீட்டு டீச்சர் ரிட்டயரான பிறகு இந்த வேலையைக் கற்றுக்கொள்கிறார் என்று சொல்லி அழைத்துப் போனார். கற்றுக்கொடுப்பவர் உறையூர்க்காரர். இருவரும் பெயர் போட வேண்டாம் என்றார்கள். அவர் இவரை டீச்சர் என்கிறார், இவர் அவரை மாஸ்டர் என்கிறார். நானும் அப்படியே எழுதுகிறேன்.

டீச்சரிடம் இருப்பது ஒரு கல்யாண குரூப் போட்டோ. மூன்றாவது வரிசையில் அவருடைய அம்மா நிற்கிறார். முகம் புளியங்கொட்டை அளவு. டீச்சர் சிறுமியாக இருந்தபோதே அம்மா காலமாகிவிட்டார். வேறு படம் கிடையாது. "எனக்கு ஞாபகம் இருக்கறது அம்மா முகமா, இந்தப் போட்டோவான்னே தெரியல சார்" என்றார். அந்த முகத்தைச் சுவரில் மாட்டும் அளவுக்குத் தன் கையாலேயே வரைந்துவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை.

மாஸ்டர் தன் பையிலிருந்து முதலில் எடுத்தது பென்சில் அல்ல, உள்ளங்கை அகலக் கண்ணாடித் துண்டு ஒன்று. ஓரங்களைத் தேய்த்து மழுக்கியிருந்தார். கண்ணாடி அறுக்கும் வைரத்தால் அதில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு கீறி, கீறலில் கறுப்பு மையைத் தேய்த்து ஏற்றியிருந்தார். ஒரு கட்டம் 5 மில்லிமீட்டர். பழைய போட்டோ மேல் கோடு போட்டால் போட்டோ பாழாகும். அதனால் இந்தக் கண்ணாடியை மேலே வைத்து, கட்டம் கட்டமாகப் பார்த்துப் பெரிய தாளுக்கு மாற்றுகிறார்.

பழகுவதற்கு முதலில் டீச்சரின் கணவருடைய பாஸ்போர்ட் சைஸ் படத்தைக் கொடுத்திருந்தார். 35 மில்லிமீட்டர் அகலம், 45 உயரம். கண்ணாடியை வைத்தால் ஏழுக்கு ஒன்பது, 63 கட்டங்கள். தாளில் அதே 63 கட்டங்களை 5 சென்டிமீட்டர் அளவில் போட்டுக்கொண்டால் முகம் பத்து மடங்கு உயரமாகும், பரப்பில் நூறு மடங்கு. போட்டோவில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் தாளில் ஒரு சென்டிமீட்டர் பிசகும். அவ்வளவு தள்ளிப்போன கண் வேறு யாருடைய கண்ணாகவோ ஆகிவிடும்.

"மூஞ்சின்னு நெனைக்காதீங்க டீச்சர். இந்தக் கட்டத்துக்குள்ள கோடு எங்க நொழையுது, எங்க வெளிய போவுது, அத மட்டும் பாருங்க" என்று சொல்லி, போட்டோவையும் தாளையும் தலைகீழாகத் திருப்பி வைத்தார். நேராக வைத்தால் கை, தனக்குத் தெரிந்த கண்ணை வரையப் போய்விடுமாம். எதிரில் இருக்கும் கண்ணைப் பார்க்காதாம். புதிதாக வரைகிறவர்கள் எல்லோரும் நெற்றியைச் சுருக்கிக் கண்ணை மேலே ஏற்றிவிடுவார்கள் என்றார். உச்சந்தலையிலிருந்து மோவாய் வரைக்கும் அளந்தால் கண் இருப்பது ஏறக்குறையப் பாதியில். டீச்சர் ஸ்கேல் வைத்துப் பார்த்துவிட்டுத் தன் நெற்றியைத் தொட்டுக்கொண்டார்.

தாளைப் பலகையில் ஒட்டுவது, பவுடரைத் தட்டித் தட்டி ஏற்றுவது, முடிக்கு நிழல் போடுவது இதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அவை பக்கத்தில் உட்கார்ந்து பழக வேண்டியவை.

இந்தக் கட்டம் போடும் வித்தை மாஸ்டருக்கு சினிமா பேனரில் வந்தது. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, கெயிட்டி, ரம்பா–ஊர்வசி என்று திருச்சித் தியேட்டர்களுக்கு பேனர் எழுதும் குழுவில் எடுபிடியாகச் சேர்ந்தார். பவுடர் தோய்த்த நூலை இருவர் இழுத்துப் பிடித்துச் சுண்டினால் துணியில் கட்டம் விழும். கையகல ஸ்டில் இருபதடி முகமாகும். 2000-க்குப் பிறகு ஃபிளெக்ஸ் வந்ததும் அந்த வேலை போயிற்று. ஸ்டுடியோக்களில் நெகட்டிவ் டச்சப் செய்தார். டிஜிட்டல் வந்து அதுவும் போயிற்று. இப்போது பிரேம் கடைகள் கொடுக்கும் படங்களை வீட்டிலிருந்து வரைகிறார்.

போட்டோவின் மேல் கைவேலை செய்வது இந்த ஊருக்குப் புதிதல்ல. 1858-இல் மலைக்கோட்டையையும் ஸ்ரீரங்கத்தையும் படம் எடுத்த லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி, காகித நெகட்டிவின் மேலேயே தூரிகையால் மேகத்தையும் இலைகளையும் சேர்த்தவர். 1880 முதல் 1980 வரையிலான தமிழ் ஸ்டுடியோப் படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தேடிச் சேர்த்திருக்கிறது. அந்தப் படங்களுக்குக் கண்ணும் புருவமும் திருத்திய கைகளின் கதையும் அப்படிச் சேர வேண்டும்.

பாஸ்போர்ட் படம் தேறியபின் அம்மாவின் முகத்துக்கு வந்தார்கள். கண்ணாடிக் கட்டம் அங்கே உதவவில்லை. முகம் முழுவதும் இரண்டே கட்டத்துக்குள் அடங்கிவிட்டது. உள்ளே இருப்பது வெறும் கறுப்பு வெள்ளைப் புள்ளிகள். டீச்சரின் மகன் அந்தப் படத்தைப் போன் செயலியில் போட்டுத் தெளிவாக்கிக் காட்டினான். கண்கள் பளபளத்தன, தோல் மின்னியது. திருவானைக்காவலில் இருக்கும் டீச்சரின் சித்தி அதைப் பார்த்து, "யாருடா இது?" என்று கேட்டார். செயலி, படத்தில் இல்லாததைத் தான் பழகிய வேறு முகங்களிலிருந்து எடுத்து நிரப்புகிறது. மாஸ்டரும் இல்லாததை நிரப்பத்தான் வேண்டும். ஆனால் அவர் கேட்டு நிரப்புகிறார்.

நாங்கள் சித்தி வீட்டுக்குப் போனோம். மூக்குத்தி ஒரு பக்கமா, இரண்டு பக்கமா? சிரித்தால் பல் தெரியுமா? வகிடு நடுவிலா? "ரெண்டு பக்கமும்" என்று தொடங்கிய சித்தி, தோட்டைப் பற்றிக் கேட்டதும் நிறுத்தினார். "அந்தக் கல்யாணத்தப்போ அவ தோடு அடகுல இருந்தது. என்னோடதத்தான் வாங்கிப் போட்டுண்டா" என்றார். உள்ளே போய் டப்பாவை எடுத்துவந்தார். மாஸ்டர் அந்தத் தோட்டை டீச்சரின் காதில் போடச் சொல்லி, அதைப் பார்த்து வரைந்தார். டீச்சருக்கு அந்தத் தோட்டின் கதை அதுவரை தெரியாது.

கேள்வி இல்லாமல் இந்த வேலை இல்லை. சட்டைப் பை வலது மார்பில் தெரிந்தால் நெகட்டிவைத் திருப்பிப் போட்டு பிரிண்ட் எடுத்திருக்கிறார்கள் என்று பொருள். அப்படியே வரைந்தால் இடது கன்னத்து மச்சம் வலது கன்னத்துக்குப் போய்விடும். நெற்றியில் நாமம் மங்கியிருந்தால் தென்கலையா வடகலையா, பாதம் உண்டா இல்லையா என்று தெரிந்தாக வேண்டும். ஸ்ரீரங்கத்தில் அதைத் தப்பாகப் போட்ட படத்தை வீட்டில் ஏற்றமாட்டார்கள். ஒரு முறை மாஸ்டருக்கு அப்படி மங்கிய படம் வந்தது. கடையில் கேட்டதற்கு, "எதையாவது போடுங்க, பத்தாம் நாளுக்குள்ள வேணும்" என்றார்களாம். குடும்பத்தின் போன் நம்பரைக் கேட்டார், தரவில்லை. ஊகித்துத்தான் போட வேண்டியிருந்தது. படம் திரும்பி வந்தது. கூலி வரவில்லை.

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். கடைக்கு வாடகை உண்டு, கண்ணாடிக்கும் மரத்துக்கும் செலவு உண்டு. லாபம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் வாங்குகிறவர் கொடுக்கும் பணத்தில் பாதிகூட வரைந்தவருக்கு வருவதில்லை. படத்தில் கையெழுத்துப் போடக்கூடாது, பின்பக்கம் நம்பர் எழுதக்கூடாது. வரைபவரும் இறந்தவரின் பிள்ளைகளும் ஒருநாளும் சந்தித்துவிடக் கூடாது என்பதில்தான் கடையின் வியாபாரமே நிற்கிறது. அவர்கள் சந்திக்காவிட்டால் தோட்டின் கதையை யார் சொல்வது? பிறகு "கையால வரைஞ்சா ஜாடை வரமாட்டேங்குது" என்று அதே கடைக்காரர்கள் கம்ப்யூட்டர் பிரிண்டை எடுத்து நீட்டுகிறார்கள். ஜாடை வருவதற்கான வழியை அடைத்தது யார்? கையும் கண்ணும் தேய உழைத்தவர் பெயரில்லாமல் போவதை இத்தனை கோயில் சிற்பிகளின் ஊரில் நாம் இன்னும் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம்.

டீச்சர் இதற்கு ஒரு வழி பார்த்திருக்கிறார். மாஸ்டர் வாயால் கேட்கும் கேள்விகளையெல்லாம் தன் கையெழுத்தில் ஒரு தாளில் எழுதி ஜெராக்ஸ் எடுத்து, தெருவில் தெரிந்தவர்களுக்குக் கொடுத்துவருகிறார். வாட்ச் எந்தக் கையில்? மச்சம் எந்தப் பக்கம்? கண்ணாடி எப்போதும் போடுவாரா, படிக்கும்போது மட்டுமா? காது யாருக்கு அவர் மாதிரி? கடைசிக் கேள்விக்கு, அந்த ஆளை நேரில் வரச் சொல்லவும் என்று கீழே குறிப்பு வேறு. சித்திரை வீதிக் குடும்பம் ஒன்று தாளை நிரப்பி, பேரனையும் அழைத்துக்கொண்டு உறையூருக்கே போயிருக்கிறது. கூலி மாஸ்டர் கைக்கு நேராக வந்தது. பிரேம் கடைக்கு பிரேமுக்கான பணம் மட்டும் போயிற்று.