அந்து

பட்டறைக் கதவைத் திறந்ததும் வைக்கோல் நிறத்தில் சின்னஞ்சிறு பூச்சிகள் கிளம்பி முகத்தில் மோதும். "அந்து விழுந்திட்டு" என்பா உம்மா. ஒரு போகத்தின் கவலை முழுவதும் அந்தச் சொல்லில் இருக்கும்.

அப்போது எனக்குப் பத்து வயது. பெரும்போக விதைப்புக்கு வட்டை உழுது கிடந்தது. பக்கத்து வளவுச் சாச்சி விதைநெல் கேட்டு வந்திருந்தா. சாச்சா மௌத்தான பிறகு அவ தனியாகச் செய்யும் முதற்போகம் அது. கொஞ்ச நிலம், மூன்று பிள்ளைகள். அறுவடையில் திருப்பித் தருவதாகப் பேச்சு. உம்மா அடுப்படியிலிருந்தே சொன்னா: "மனே, மேல்நெல்ல ஒதுக்கிப்போட்டு உள்ளுக்கிருந்து அள்ளிக் குடு."

வெளியே கூட்டாளிமார் பந்தோடு நின்றார்கள். மேலே கிடந்ததையே அள்ளி, நாலு மரைக்கால் அளந்து, சாக்கில் கொட்டிக் கொடுத்துவிட்டு ஓடினேன்.

அந்தப் பூச்சியைப் பற்றி நான் ஆறுதலாக வாசித்தது பல வருடங்களுக்குப் பின்னர்தான். சிற்றோட்ரோகா செரியலெல்லா என்பது அதன் விஞ்ஞானப் பெயர். பிரான்சின் அங்கூமுவாப் பகுதியில் கோதுமையை அது அழித்தபோது, 1760இல் துகமெல் து மொன்சோ, தியே என்ற இரு அறிஞர்கள் அதை ஆராயப் போனார்கள். 1762இல் நூலாகவும் எழுதினார்கள். தானியத்தை அடுப்பில் சூடாக்கிப் புழுவைக் கொல்வது அவர்கள் சொன்ன வழி. இன்றும் ஆங்கிலத்தில் அந்த ஊரின் பெயராலேயே அந்து அழைக்கப்படுகிறது. நெல், கோதுமை, சோளம், இறுங்கு எல்லாம் அதற்கு உணவு.

சிறகை விரித்தால் ஏறத்தாழ ஒன்றரைச் சென்ரிமீற்றர்தான் வரும். பின்சிறகு விரல்போலக் கூராகி, ஓரமெல்லாம் நீண்ட மயிரோடு இருக்கும். வளர்ந்த அந்து நெல்லைத் தின்பதில்லை. சில நாட்களே வாழ்ந்து முட்டையிட்டுச் செத்துப்போகும். தின்பது புழுதான். உமியின் இடுக்கால் உள்ளே போனால் அந்த ஒரு நெல்மணியே அதற்கு வீடும் சோறும். புறப்படும் காலம் நெருங்க, மணியின் தோலில் வட்டமாக ஒரு கதவை அரிந்து, மெல்லிய மூடியை மட்டும் விட்டுவைத்துக் கூட்டுப்புழுவாகும். பூச்சி அந்த மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். அதுவரை வெளிப்பார்வைக்கு அது நல்ல நெல்தான்.

வட்டையில் கதிர் முற்றும்போதே அது முட்டையிட்டுவிடும் என்பதையும் அப்போதுதான் அறிந்தேன். நாங்கள் பட்டறையைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தோம். அதுவோ நெல்லோடு நெல்லாக வீட்டுக்கு வந்திருக்கிறது. இன்னொன்றும் வாசித்தேன். குவியலின் ஆழத்துக்குள் அந்துவால் நுழைய முடியாது. சேதம் பெரும்பாலும் மேல்மட்டத்தில்தான். உம்மா எந்தப் புத்தகமும் வாசித்தவவல்ல. மேல்நெல்லைக் கோழிக்குப் போட்டுவிட்டு உள்நெல்லைத்தான் விதைக்கு எடுப்பா.

மறுநாள் சாச்சி வேலியோரம் வந்து நின்றா. ஊறப்போட்ட நெல்லில் பாதிக்கு மேல் மிதந்ததாம். கோபமாகச் சொல்லவில்லை. "ராத்தா, எனக்கிட்ட நெல்லு இவ்வளவுதானோ?" என்று மெதுவாகக் கேட்டா. கொடுத்தது அவ்வளவுதானா என்பதைவிட, தனக்கு அவ்வளவு போதுமென்று நினைத்தோமா என்பதே அந்தக் கேள்வி.

உம்மா என்னைப் பார்த்தா. நான் நிலத்தைப் பார்த்தேன். "எங்கட நெல்லே பழுதாப் போச்சி புள்ள" என்று பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு, எங்கள் விதையிலிருந்தே உம்மா மீண்டும் அளந்து கொடுத்தா. எங்கள் வரம்போரத்தில் ஒரு துண்டு அந்தப் போகம் விதைக்காமல் கிடந்தது. ஏனென்று வாப்பா கேட்டபோதும் உம்மா என்னைச் சொல்லவில்லை.

இருவரும் இப்போது இல்லை. பட்டறையும் இல்லை. போன மாதம் கோழிக்கு வாங்கிய சோளச் சாக்கை அவிழ்த்தேன். நாலைந்து அந்து பறந்தது. முழங்கை வரை கையை உள்ளே விட்டு அடியிலிருந்து ஒரு பிடி அள்ளிப் பார்த்தேன். நல்ல சோளம்.