வேகத்துக்குன்னு ஒரு களம்

எங்க தோட்டத்துல நிக்கிற பிக்கப்புக்கு வயசு பதினொண்ணு. தேங்காய், தக்காளி, சின்ன வெங்காயம், மாட்டுத் தீவனம், சொட்டுநீர்க் குழாய்னு அது சுமக்காத சுமை இல்லை. என்ஜின் 70 சொச்சம் குதிரைத்திறன். முள் 60ஐத் தாண்டினா பின்பக்கத் தகரம் கடகடன்னு பேச ஆரம்பிச்சிரும். பிக்கப்னா நமக்கு இதுதான். அதனால தங்கச்சி பையன், "மாமா, பிக்கப்பை ரேஸ் டிராக்குல ஓட்டப் போறேன்"னு சொன்னப்ப எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு.

அவன் வண்டி நம்மளுது மாதிரி இல்லைங்க. டொயோட்டா ஹைலக்ஸ். 2022ல நம்ம நாட்டுக்கு வந்த வண்டி. 2.8 லிட்டர் டீசல் என்ஜின், 204 குதிரைத்திறன். போன வருஷம் ஒருத்தர்கிட்ட கைமாத்தி வாங்கினான். சேத்துக்கான பட்டன் டயரைக் கழட்டிட்டு ரோட்டு டயர் போட்டான். ஷாக் அப்சார்பரும் பிரேக் பேடும் மாத்தினான். பின்னாடி தொட்டி இருக்கு, ஆனா அதுல இதுவரைக்கும் ஒரு மூட்டை ஏறினதில்லை.

சிரிச்சதோட விட முடியலை. அதே ராத்திரி தங்கச்சி போன் பண்ணினா. "அண்ணா, அந்த வண்டியை விக்கச் சொல்லு. நான் சொன்னா கேக்க மாட்டேங்கிறான்"னு அழுகை. போன தை மாசம் அவன் கூட்டாளி ஒருத்தன், கூடவே படிச்ச பையன், பல்லடம் ரோட்டு வளைவுல பைக்கோட போய்ட்டான். இருபத்தி நாலு வயசு. அதுல இருந்து தங்கச்சிக்கு ராத்திரி வண்டிச் சத்தம் கேக்கற வரைக்கும் தூக்கம் கிடையாது. மச்சான் போய்ச் சேந்து எட்டு வருஷம் ஆச்சு. காது குத்தறப்ப என் மடியில உக்காந்த பையன். மாமன்னு நான்தான் சொல்லியாகோணும்.

அவன்கிட்டப் பேசினேன். எதுத்துப் பேசலை. "ஒரு தடவை கூட வாங்க மாமா. பாத்துட்டு விக்கச் சொன்னீங்கன்னா வித்தர்றேன்"னான். நியாயமாத்தான் பட்டுச்சு. ஞாயித்துக்கிழமை பால் கறந்து ஊத்திட்டு அவன்கூடக் கிளம்பிட்டேன்.

போன இடம் செட்டிபாளையத்துல இருக்கிற கரி மோட்டார் ஸ்பீட்வே. எஸ். கரிவரதன் பேருல இருக்கிற டிராக். மாருதி 800 என்ஜினை வெச்சு ஒத்தை சீட்டு பந்தயக் கார்களை 1980கள்லயே நம்ம கோயமுத்தூர்ல செஞ்ச மனுஷன். 1995ல ஒரு விமான விபத்துல இறந்துட்டார். 2005ல பார்முலா ஒன் ஓட்டின முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயனும் இதே ஊர்க்காரர்தான். ரெண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட நீளம். நேரா ஒரு ஓட்டம், அப்புறம் வளைவுக்கு மேல வளைவு. ரோட்டோரம் மரம் இல்லை, கம்பம் இல்லை, டீக்கடை இல்லை. நாய் இல்லை, ஆடு இல்லை, எதுக்கால வர்ற பஸ் இல்லை. தடம் மாறிப் போனாலும் முட்டறதுக்கு முன்னாடி மண்ணு இருக்கு. முதல்ல என் கண்ணுல பட்டது அதுதான்.

டிராக் டேன்னா பந்தயம் இல்லைங்க. பரிசு கிடையாது, யாரு முந்தினாங்கன்னு கணக்கு கிடையாது. அவங்கவங்க சொந்த வண்டியைக் கொண்டு வந்து, பணம் கட்டி, அவங்களுக்குன்னு ஒதுக்கின நேரத்துல ஓட்டறது. வேகமான கார்களுக்கு ஒரு குழு, மெதுவான வண்டிகளுக்கு ஒரு குழு. உயரமான வண்டியை எல்லாரும் எல்லா நாளும் சேத்துக்க மாட்டாங்களாம், சாஞ்சிரும்னு பயம். இவனோடதை நல்லாச் சோதிச்சுப் பாத்துட்டு மெதுவான குழுவுல விட்டாங்க.

உள்ளே விடறதுக்கு முன்னாடி வண்டிக்குள்ள ஆடற சாமான் எல்லாத்தையும் எடுக்கச் சொன்னாங்க. தண்ணி பாட்டில், குடை, கால்மிதி, ஜாக்கி. டேஷ்போர்டுல ஒட்டியிருந்த பிள்ளையாரையும் எடுக்கோணும்னுட்டாங்க. பிரேக் போட்டா அவரு பறந்து வந்து நம்ம மூஞ்சியிலதான் உக்காருவாராம். பையன் அவரைத் துண்டுல சுத்தி என் கையில குடுத்தான். அன்னைக்கு முழுக்க என் மஞ்சப்பையிலதான் இருந்தாரு.

அப்புறம் எல்லாரையும் உக்கார வெச்சு ஒரு பாடம். சொல்லிக் குடுத்தவர் பலகையில மூணு எண் எழுதினார். நல்ல தார், நல்ல டயர், முழு பிரேக். 40ல போற வண்டி நிக்க 9 மீட்டர். 80ல போனா 36 மீட்டர். 120ல போனா 81 மீட்டர். வேகம் ரெண்டு மடங்கானா நிக்கிற தூரம் நாலு மடங்கு, மூணு மடங்கானா ஒன்பது மடங்கு. நான் இதைத் தென்னைக் கணக்குல போட்டுப் பாத்தேன். நம்ம மரத்துக்கு மரம் 25 அடி. 40ல போனா ஒரு மரம் தாண்டி நின்னுரும். 80ல கிட்டத்தட்ட அஞ்சு மரம். 120ல பதினோரு மரம். இது காலு பிரேக்கைத் தொட்டதுக்கு அப்புறம் ஓடற தூரம் மட்டும்தான். கண்ணு பாத்துக் காலு அமுக்கறதுக்குள்ள ஒரு வினாடி போயிரும். 80ல அந்த ஒரு வினாடிக்கு 22 மீட்டர். அதாவது இன்னும் மூணு மரம். இந்தக் கணக்கு எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் இருக்கோணும்.

அடுத்தது கொடி. மஞ்சள் காட்டினா முன்னால ஆபத்து, முந்தக் கூடாது. நீலம்னா பின்னால வேகமான வண்டி வருது, வழி விடு. சிவப்புன்னா ஓட்டம் நின்னு போச்சு, மெதுவா உள்ளே வந்துரு. கறுப்பு வெள்ளைக் கட்டம்னா நேரம் முடிஞ்சுது. கொடியை மதிக்காதவனை வெளியே அனுப்பிருவாங்க, கட்டின பணமும் போச்சு.

முதல்ல அவன் ஓட்ட நான் பக்கத்துல உக்காந்தேன், தலையில ஹெல்மெட்டோட. நேர் ரோட்டுல மிதிச்சான் பாருங்க, முதுகு சீட்டுல ஒட்டிக்கிச்சு. ரெண்டு டன்னுக்கு மேல இருக்கிற வண்டி கன்னுக்குட்டி மாதிரி பாயுது. வளைவுக்கு முன்னாடி ஆரஞ்சுக் கோன் வெச்சிருந்தாங்க. அதுகிட்ட வந்ததும் பிரேக். மூக்கு கீழே போச்சு, வயிறு பெல்ட்டுல நசுங்குச்சு. சாமி கும்பிடலாம்னா பிள்ளையாரும் கூட இல்லை.

மத்தியானம் எனக்கும் ஓட்ட ஒரு வாய்ப்பு குடுத்தாங்க, பக்கத்துல சொல்லிக் குடுக்கறவர். அவர் சொன்னது மூணே சங்கதி. நேரா இருக்கறப்பவே பிரேக்கை முடிச்சிரு, அப்புறம் ஸ்டீயரிங்கைத் திருப்பு. எதையும் வெடுக்குன்னு செய்யாதே. கண்ணு வளைவோட முடிவைப் பாக்கட்டும். இது மூணும் எனக்குப் புதுசு இல்லை. ஆயிரம் தேங்காய் ஏத்திட்டு வளைவுல பிரேக் போட்டா சுமை ஒரு பக்கமா ஒதுங்கும்னு நமக்குத் தெரியாதா? ஏர் ஓட்டறப்ப கொழுவைப் பாத்தா சால் கோணும், எதுத்த வரப்பைப் பாத்தாத்தான் நேரா வரும்னு எங்கய்யன் சொல்லிக் குடுத்தது அம்பது வயசு தாண்டியும் மறக்கலை.

பிக்கப்புல ஒரு தனிச் சங்கதி இருக்குங்க. இது சுமைக்குச் செஞ்ச வண்டி. பின்னாடி பட்டை ஸ்பிரிங். தொட்டி காலியா இருந்தா பின் சக்கரத்துமேல எடை இருக்காது. பிரேக் போட்டா இருக்கிற எடையும் முன்னால போயிரும். அப்பத்தான் வால் சுழட்டும். மழைக்காலத்துல சந்தைக்குச் சுமையோட போறப்ப ஒழுங்கா இருந்த வண்டி, திரும்பிக் காலியா வர்றப்ப ஈர ரோட்டுல வழுக்கறது இதனாலதான். அதனால அந்த டிராக்குல காரை விட முன்னாடியே பிரேக், காரை விட மெதுவாத் திருப்பம். நேர் ரோட்டுல முள் 110 வரைக்கும் போச்சு. என் ஆயுசுல நான் ஓட்டின பெரிய வேகம் அதுதான்.

நாலு சுத்துல பிரேக் வாசம் வர ஆரம்பிச்சிருச்சு, வால்பாறை இறக்கத்துல லாரிகிட்ட வருமே, அதே வாசம். பிரேக் எண்ணெய்னு ஒண்ணு ஊத்தறோமே, அது காத்துல இருக்கிற ஈரத்தைக் குடிக்குமாம். டாட் 4ங்கிற ரகம் புதுசா இருந்தா 230 டிகிரி வரைக்கும் கொதிக்காது. ஈரம் ஏறிட்டா 155 கிட்டயே கொதிக்கலாம். கொதிச்சா குமிழி வரும், பெடல் சோத்துல கை விட்ட மாதிரி அமுங்கும், வண்டி நிக்காது. அதனால கடைசிச் சுத்தை மெதுவா, பிரேக் தொடாம ஓட்டி ஆற விடோணும். நிறுத்தினதும் ஹேண்ட் பிரேக் போடக் கூடாது, கியர்லயோ கட்டை வெச்சோ நிறுத்தோணும்.

ஓய்வு நேரத்துல பையன் வெளிநாட்டு பிக்கப் கதை எல்லாம் சொன்னான். அமெரிக்காக்காரன் 2004ல டாட்ஜ் ராம்ங்கிற பிக்கப்புல பத்து சிலிண்டர், 8.3 லிட்டர் பந்தயக் கார் என்ஜினை வெச்சு 500 குதிரைத்திறன்ல வித்தானாம். மணிக்கு 248 கிலோமீட்டர் போய் உலக சாதனை. எனக்குப் பிடிச்சது இன்னொரு கதை. 1932ல ஆஸ்திரேலியாவுல ஒரு விவசாயியோட மனைவி போர்டு கம்பெனிக்கு ஒரு கடிதம் போட்டாங்களாம். ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு நனையாமப் போகோணும், திங்கக்கிழமை அதே வண்டியில பன்னியைச் சந்தைக்கு ஏத்தோணும், அப்பிடி ஒரு வண்டி செஞ்சு குடுங்கன்னு. லூ பேண்ட்ங்கிற இளவயசு வடிவமைப்பாளர் வரைஞ்சு குடுக்க, 1934ல அந்த வண்டி வந்துச்சு. அங்க அதை 'யூட்'ங்கிறாங்க. பிற்பாடு அதே யூட்டை வெச்சுப் பந்தயமே நடத்தினாங்க. கேக்கறப்ப நம்ம வீட்டம்மா நெனப்பு வந்துச்சு.

எங்கய்யனும் ரேக்ளா ஓட்டினவர்தான். காங்கேயம் காளை ஜோடி. 200 மீட்டர், 300 மீட்டர்னு கொடி நட்டு, வினாடிக் கணக்குல நேரம் பாப்பாங்க. 2014ல கோர்ட்டு நிறுத்தி, 2017ல சட்டம் கொண்டு வந்து, 2023ல உச்ச நீதிமன்றமே செரின்னு சொன்னதுல ரேக்ளாவும் சேத்தி. அந்தக் காளைகளை அய்யன் ஒரு நாளும் பாரவண்டியில பூட்டினதில்லை. களத்துல அப்பிடி விரட்டின மனுஷன், சந்தைக்கு வண்டி பூட்டினா மாட்டு நடைக்குத்தான் போவாரு. "களத்துல ஓட்டறது வேற, தடத்துல ஓட்டறது வேற"ம்பாரு. அன்னைக்கு டிராக் ஓரத்துல உக்காந்து அதையேதான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

மூணாவது ஓட்டத்துல ஒரு கார் சுத்தி மண்ணுல எறங்கிருச்சு. சிவப்புக் கொடி. ஆளுக்கு ஒண்ணும் ஆகலை. நான் வெளியே நின்னு பையன் வண்டியையே பாத்தேன். கொடி ஏறினதும் அவன் வேகம் குறைஞ்சுது. முன்னால இருந்த காரை முந்தலை. நேரா உள்ளே வந்து, என்ஜினை அணைச்சு, கையைக் கட்டி உக்காந்துட்டான். வீட்டுல நானும் அவங்கம்மாவும் தொண்டை வத்தக் கத்தினாலும் கேக்காதவன், ஒரு முழத் துணிக்கு நின்னுட்டான்.

திரும்பி வர்றப்ப அவன்தான் ஓட்டினான். முள் 60ஐத் தாண்டலை. அந்த வளைவுகிட்ட இன்னும் கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் பாதி கிழிஞ்சு தொங்குது. அங்க வந்ததும் இன்னும் மெதுவாக்கினான். "அவனையும் ஒருக்கா டிராக்குக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருந்தேன் மாமா"ன்னான். நான் ஒண்ணும் பேசலை. என்னத்தப் பேசறது?

தங்கச்சிகிட்ட விக்க வேண்டாம்னு சொல்லிட்டேன். அவ ஒரு கேள்வி கேட்டா. "அங்க ஓட்டிப் பழகினா ரோட்டுலயும் அதே கை வராதாண்ணா?" வரலாம்தான். நூத்துக்கு நூறு வராதுன்னு நான் எழுதிக் குடுக்க முடியாது. செலவும் இருக்கு, கட்டணம், டீசல், டயர் தேய்மானம் சேத்தா ஒரு கறவை மாட்டுக்கு மூணு மாசத் தீவனம் ஆகும். எல்லாப் பசங்களாலயும் முடியாது. ஆனா வேகம்ங்கிற ஆசை இந்த வயசுல போகாது. வண்டியைப் பிடுங்கினா இன்னொருத்தன் பைக்கு கிடைக்கும். போறதுக்கு ஒரு இடமும், நில்லுன்னு சொல்ல ஒரு கொடியும் இருக்கிற வரைக்கும் அவன் அங்க போகட்டும். ரோட்டுல 60ஐத் தாண்டினான்னு ஒரே ஒரு சேதி வந்தாலும் சாவி என் கைக்கு வந்துரோணும். இதுதான் பேச்சு. அவனும் செரின்னுட்டான்.

தங்கச்சி ரொம்ப நேரம் யோசிச்சுட்டு, "செரிண்ணா, ஆனா அவன் போறப்பல்லாம் நீயும் கூடப் போகோணும்"னா. அடுத்த டிராக் டே வர்றதுக்குள்ள வெங்காயத்தைப் பட்டறை போட்டு முடிக்கோணும்.

படிக்கிறவங்க ஒண்ணு மட்டும் செய்யுங்க. உங்க பிக்கப்புல பிரேக் எண்ணெய் கடைசியா எப்ப மாத்தினதுன்னு யோசிச்சுப் பாருங்க. ஞாபகம் வரலைன்னா நாளைக்கே மெக்கானிக்கிட்ட விடுங்க. எங்க பிக்கப்புக்கு நான் மறுநாளே மாத்திட்டேன். பழைய எண்ணெய் வரக்காப்பி நிறத்துல வந்துச்சு.